ஜெபக் குறிப்பேடும் இரவு எட்டரை மணி அலாரமும்: மனைவியை இழந்த ஒருவர் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வு 64 வயதான ஒருவரைப் பற்றியது. கணக்காளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 35 ஆண்டு மணவாழ்க்கைக்குப் பிறகு மனைவியைக் கணையப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். நோய் இன்னதென்று தெரிந்த நாளிலிருந்து மரணம் வரை பதினொரு வாரங்களே இருந்தன. ஒரே மகள் திருமணமாகி வேறு ஊரில் இருக்கிறார். மரணம் நிகழ்ந்து நான்காம் மாதத்தில் மகளின் வற்புறுத்தலால் அவர் என்னிடம் ஆலோசனைக்கு வந்தார். அடுத்த பன்னிரண்டு மாதங்களில் 22 முறை சந்தித்தோம். எழுதுவதற்கு அவர் ஒப்புதல் தந்திருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். வரைவை அவரே வாசித்து இரண்டு இடங்களில் திருத்தமும் சொன்னார்.

குடும்பம் கிறிஸ்தவக் குடும்பம். ஆனால் வீட்டில் நம்பிக்கை என்பது மனைவியின் பொறுப்பாகவே இருந்து வந்தது. ஞாயிறு ஆராதனை, மாலை ஜெபக்கூட்டம், நோயுற்றவர்களைப் போய்ப் பார்ப்பது எல்லாவற்றையும் அவர் கவனித்துக்கொண்டார். கணவர் குழந்தைப் பருவத்தில் ஞானஸ்நானம் பெற்றவர். திருமண நாளிலும் அடக்க ஆராதனைகளிலும் தவிர ஆலயத்துக்குள் நுழைந்ததில்லை என்று அவரே சொன்னார். “அவள் போவாள், நான் வண்டியில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்துவிடுவேன்” என்பது அவருடைய சமய வாழ்வு முழுவதையும் அடக்கிய வாக்கியம்.

முதல் சந்திப்பில் கண்டவை

சட்டை தேய்த்து உடுத்தியிருந்தார், முகம் மழித்திருந்தார். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னார். என்னை “சார்” என்று அழைத்தார். மருத்துவமனைச் செலவுகளைத் தேதிவாரியாக எழுதிய தாள் ஒன்றைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்து, “இதில் எங்கே தவறினேன் என்று தெரியவில்லை” என்றார். முதல் வயிற்றுவலிக்கும் ஸ்கேன் எடுத்த நாளுக்கும் இடையே இருந்த 19 நாட்களை அவர் வட்டமிட்டிருந்தார். மனச்சோர்வை அளக்கும் பிஎச்கியூ-9 வினாத்தாளில் 27-க்கு 16 வந்தது. தனிமை குறித்த மூன்று கேள்விகளைக் கொண்ட சிறு அளவுகோலில் அதன் உச்சமான 9 வந்தது.

உயிரை விட்டுவிடும் எண்ணம் உண்டா என்று சுற்றி வளைக்காமல் கேட்டேன். இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்ற அச்சம் பலரிடம் இருக்கிறது. என் அனுபவத்தில் அந்தக் கேள்வி எதிரில் இருப்பவருக்குப் பெரும்பாலும் நிம்மதியையே தருகிறது. காலையில் கண் விழிக்காமல் போனால் நல்லது என்று வாரத்தில் சில நாட்கள் தோன்றுவதாகவும், அதற்காக எதையும் செய்யும் திட்டம் இல்லை என்றும் சொன்னார். அந்த எண்ணம் வலுத்தால் யாரை அழைப்பது என்பதை எழுதி, ஒரு பிரதியை மகளிடமும் கொடுத்தோம்.

மிக முக்கியமான செய்தி மூன்றாம் சந்திப்பில்தான், அதுவும் தற்செயலாக வெளியே வந்தது. அவர் சில ஆண்டுகளாக உயர் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்து வந்தவர். தினமும் இரவு 8.30-க்கு மனைவியின் செல்பேசியில் “மாத்திரை” என்ற பெயரோடு ஓர் அலாரம் அடிக்கும், மனைவி தண்ணீரோடு வந்து நிற்பார். மனைவி இறந்த பிறகும் அந்தச் செல்பேசியை அவர் நாள்தோறும் சார்ஜ் செய்து வைத்திருந்தார். அலாரம் அடித்தது, அடித்து ஓயும்வரை கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாத்திரையை மட்டும் போடவில்லை. நான்கு மாதங்களாகப் போடவில்லை. அந்த வாரமே மருத்துவரிடம் அனுப்பினோம், அழுத்தம் 170/100 இருந்தது.

மனைவியை இழந்த ஆணின் உடல்நலத்தை அவருடைய துயரத்திலிருந்து தனியே பிரித்துப் பார்க்கக் கூடாது என்பதற்குப் பழைய சான்று உண்டு. மனநல மருத்துவர் காலின் மரே பார்க்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் 1969-இல் வெளியிட்ட ஆய்வில், 55 வயதும் அதற்கு மேலும் ஆன 4,486 ஆண்களை, அவர்கள் மனைவியை இழந்த நாளிலிருந்து பின்தொடர்ந்தார்கள். முதல் ஆறு மாதங்களில் அவர்களுடைய இறப்பு விகிதம் அதே வயதுத் திருமணமான ஆண்களின் விகிதத்தைவிட 40 விழுக்காடு கூடுதலாக இருந்தது. அந்தக் கூடுதல் இறப்புகளில் பெரும்பங்கு இதய நோய்களால் நேர்ந்தவை. நெஞ்சு உடைந்து போனார் என்று நாம் சொல்வதில் விழுங்கப்படாத மாத்திரைகளுக்கும் ஒரு பங்கு இருக்கலாம் என்று அந்த அலாரத்தைப் பற்றிக் கேட்டபோது நினைத்துக்கொண்டேன்.

முதல் முடிவுகள்

மூன்று முடிவுகளை எடுத்தோம். முதலாவது தூக்க மாத்திரை பற்றியது. அடக்கம் நடந்த வாரத்தில் இரண்டு வாரங்களுக்கென்று எழுதித் தரப்பட்ட மாத்திரையை அவர் மூன்று மாதங்களுக்கும் மேலாகத் தொடர்ந்திருந்தார். மனநோய் ஏதும் இல்லாத துயருற்றோருக்குப் பென்சோடயஸெபின் வகைத் தூக்க மருந்துகளைத் தர வேண்டாம் என்பது உலக சுகாதார அமைப்பு 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். ஆனால் பழகிவிட்ட மருந்தைச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்தானது. ஆகவே மருத்துவரின் மேற்பார்வையில் ஆறு வாரங்களில் படிப்படியாகக் குறைத்தார்கள்.

இரண்டாவது, துயரத்துக்கு நோய்ப்பெயர் சூட்டாமல் இருப்பது. நீடித்த துயரக் கோளாறு என்பது இப்போது அங்கீகரிக்கப்பட்ட நோயறிதல்தான். உலக சுகாதார அமைப்பின் ஐசிடி-11 நோய் வகைப்பாடு குறைந்தது ஆறு மாதங்களையும், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடாக 2022-இல் வந்த டிஎஸ்எம்-5-டிஆர் பெரியவர்களுக்குக் குறைந்தது பன்னிரண்டு மாதங்களையும் வரம்பாக வைக்கின்றன. நான்காம் மாதத்தில் அந்தப் பெயரைப் பயன்படுத்த இடமில்லை. மனச்சோர்வுக்கு உடனே மருந்து தொடங்கலாமா என்ற கேள்வியை மருத்துவரும் நானும் பேசி, எட்டு வாரம் கழித்து மறுபடி பார்ப்பது என்று வைத்துக்கொண்டோம். பின்னர் அதற்குத் தேவை ஏற்படவில்லை.

மூன்றாவது முடிவு மகளுக்காக எடுத்தது. அப்பா துயரத்தின் எந்த நிலையில் இருக்கிறார் என்று அவர் ஒவ்வொரு தொலைபேசி உரையாடலிலும் கேட்டார். மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-இல் முன்வைத்த ஐந்து நிலைகளை (மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு) அவர் எங்கோ படித்திருந்தார். அந்த நிலைகள் சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு பேசியதிலிருந்து பிறந்தவை என்றும், பிறகே அவை இழந்தவர்களுக்கும் பொருத்தப்பட்டன என்றும் விளக்கினேன். அதைவிட உளவியலாளர்கள் மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹென்க் ஷுட்டும் 1999-இல் விவரித்த ஊசலாட்டம் எனக்குப் பயன்படும் படமாக இருக்கிறது. துயருற்றவர் சில நேரம் இழப்பின் பக்கம் போகிறார், சில நேரம் பிழைப்பின் பக்கம் போகிறார். இரண்டுக்கும் இடையே போய்வருவதே மீளும் வழி. “காலையில் வங்கி வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு மாலையில் அழுகிறார் என்றால், அவர் பின்னுக்குப் போய்விட்டார் என்று எண்ண வேண்டாம் அம்மா” என்று சொன்ன பிறகு மகளின் குரலில் பதற்றம் குறைந்தது.

ஆட்களுக்கு நடுவே

ஐந்தாம் மாதத்தில் நான் ஒரு தவறு செய்தேன். தனிமை அளவு உச்சத்தில் இருக்கிறதே, ஆட்களோடு பழகட்டும் என்று மூத்தோர் கூடும் குழு ஒன்றுக்கு அவரை அனுப்பினேன். மூன்று வாரம் போனார், நான்காவது வாரம் நிறுத்திவிட்டார். எங்களுடைய சந்திப்புக்கும் வரவில்லை. அடுத்த வாரம் தொலைபேசியில் அழைத்துத்தான் காரணத்தைக் கேட்க வேண்டியிருந்தது. “நாற்பது பேர் நடுவில் உட்கார்ந்திருக்கும்போதுதான் சார், அவள் இல்லாதது இன்னும் நன்றாகத் தெரிகிறது. வீட்டில் இருந்தாலாவது அடுத்த அறையில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்ளலாம்” என்றார்.

இதை நான் முன்பே அறிந்திருக்க வேண்டும். சமூகவியலாளர் ராபர்ட் வைஸ் 1973-லேயே தனிமையை இரண்டாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார். நண்பர் வட்டம் இல்லாமையால் வருவது ஒன்று. நெஞ்சோடு ஒட்டியிருந்த ஓர் ஆள் இல்லாமையால் வருவது மற்றொன்று. முதலாவதை மற்றொரு கூட்டத்தால் தீர்க்கலாம். இரண்டாவதைக் கூட்டம் தீர்க்காது என்பதே வைஸின் வாதம். என் மனிதருக்கு இரண்டும் இருந்தன, ஆனால் அந்த நேரத்தில் அவரை வாட்டியது இரண்டாவது. மாலை ஐந்து மணிக்கு வீட்டில் ஒரு சிறு செய்தியைச் சொல்ல ஆள் இல்லை என்பதைக் கூடத்தில் இருக்கும் நாற்பது நாற்காலிகள் எப்படி ஈடுசெய்யும்? எளிதாக ஏற்பாடு செய்ய முடிந்ததையே தேவை என்று நான் எடுத்துக்கொண்டேன்.

குழுவை விட்டுவிட்டோம். அதற்குப் பதிலாக ஒவ்வொரு சந்திப்பிலும் முதல் இருபது நிமிடங்களை மனைவியைப் பற்றிப் பேசுவதற்கென்றே ஒதுக்கினோம். அவருடைய கோபம், பிடிவாதம், பேருந்தில் முன் இருக்கைக்காக அவர் போட்ட சண்டை எல்லாம் வந்தன. இறந்தவரைப் புகழ்ந்து மட்டுமே பேசியாக வேண்டிய வீட்டில் இருந்து வந்தவருக்கு, மனைவியைக் குறை சொல்ல ஓர் இடம் கிடைத்தது பெரிய விடுதலையாக இருந்திருக்க வேண்டும். அந்த வாரங்களில்தான் “சார்” போய்த் “தம்பி” வந்தது.

வாசலில் சாவிச் சத்தம்

ஆறாம் மாதம் மகள் பதறிப்போய் அழைத்தார். அப்பா தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும்போதே “அம்மா வந்துவிட்டாள், பிறகு பேசுகிறேன்” என்று சொல்லி வைத்துவிட்டாராம். மனநல மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டுமா என்று கேட்டார்.

அவரிடம் கேட்டபோது முதலில் மறுத்தார். பிறகு தலை குனிந்தபடி சொன்னார். மனைவி ஜெபக்கூட்டம் முடிந்து திரும்பும் நேரத்தில், ஏறக்குறைய ஏழு மணிக்கு, வாசலில் சாவி திரும்பும் சத்தம் கேட்கிறது. வாரத்தில் இரண்டு மூன்று நாள். எழுந்து போய்ப் பார்த்தால் யாரும் இல்லை. இரண்டு முறை கூடத்தில் மனைவி நிற்பதாக உணர்ந்திருக்கிறார். “பைத்தியம் பிடிக்கிறதா தம்பி?” என்று கேட்டார். அச்சத்தைவிட, நான் ஆமாம் என்று சொன்னால் அந்தச் சத்தம் நின்றுவிடுமோ என்ற தவிப்புதான் அந்தக் கேள்வியில் கூடுதலாக இருந்தது.

வேல்ஸில் பொதுமருத்துவராக இருந்த டெவி ரீஸ் 1971-இல் வெளியிட்ட ஆய்வை அவரிடம் சொன்னேன். துணையை இழந்த 227 பெண்களையும் 66 ஆண்களையும் ரீஸ் நேரில் பேட்டி கண்டார். அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் இறந்த துணை அருகில் இருப்பதாக உணர்ந்தோ, குரல் கேட்டோ, உருவத்தைக் கண்டோ இருந்தார்கள். பெரும்பாலோர் அதை அதற்குமுன் யாரிடமும் சொன்னதில்லை. பலருக்கு அந்த அனுபவம் துணையாகவே இருந்தது. என் மனிதருக்குக் குழப்பமான சிந்தனையோ, கட்டளையிடும் குரலோ, அந்த நேரம் தவிர வேறு நேரங்களில் மாயக்காட்சியோ இல்லை என்பதைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். இரவில் மருந்து குறைந்து வந்த காலம் என்பதால் மருத்துவருக்கும் தெரிவித்தேன். இருவரும் அதைத் தடுக்க முயல வேண்டாம் என்று முடிவு செய்தோம். அவர் கணக்காளர் அல்லவா, 293 பேரில் பாதி என்றால் எத்தனை என்று உடனே கணக்குப் போட்டு, “அப்படியானால் என்னைப் போல நூற்று நாற்பதுக்கு மேல்” என்றார். என்னிடம் வந்த பிறகு அவர் சிரித்தது அதுவே முதல் முறை.

“தேவனுடைய சித்தம்”

இதே மாதங்களில் சபையிலிருந்து பலர் வீட்டுக்கு வந்து ஜெபித்தார்கள். அன்பால்தான் வந்தார்கள், அதில் ஐயமில்லை. ஆனால் அவர்கள் சொன்னவற்றை அவர் எனக்கு ஒவ்வொன்றாகக் கணக்கு ஒப்புவித்தார். இது தேவனுடைய சித்தம். அவர் நல்ல இடத்தில் இருக்கிறார், அழக் கூடாது. ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போய், வீட்டில் இருவரும் ஒருமனமாக ஜெபித்திருந்தால் சுகம் கிடைத்திருக்கும் என்று சொல்லிவிட்டார். அந்த வாக்கியம் அவர் ஏற்கெனவே வட்டமிட்டு வைத்திருந்த 19 நாட்களோடு போய்ச் சேர்ந்துகொண்டது. நோயைத் தாமதமாகக் கண்டுபிடித்ததும் தன் குற்றம், நம்பாமல் இருந்ததும் தன் குற்றம்.

சமய நம்பிக்கை துயரத்தில் எப்போதும் மருந்தாகவே இருக்கும் என்று எண்ணுவது சரியன்று. உளவியலாளர் கென்னத் பார்கமென்டும் குழுவினரும் 55 வயதும் அதற்கு மேலும் ஆன 596 நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2001-இல் வெளியிட்ட ஆய்வில், கடவுள் தன்னைக் கைவிட்டார், தண்டிக்கிறார் என்ற போராட்டத்தில் இருந்தவர்கள் அடுத்த இரண்டு ஆண்டுகளில் இறக்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. தண்டனை என்ற எண்ணம் என் மனிதரிடம் வேர்விட்டுக்கொண்டிருந்தது. கடவுளே இல்லை என்று அவர் சொல்லியிருந்தால் நான் இவ்வளவு கவலைப்பட்டிருக்க மாட்டேன். இருக்கிறார், ஆனால் என்மேல் கோபமாக இருக்கிறார் என்பது அதைவிடத் தனிமையான இடம்.

இந்த இடத்தில் எனக்கு ஓர் எல்லை இருந்தது. இறையியல் பேச எனக்குப் பயிற்சியும் இல்லை, உரிமையும் இல்லை. பேசாமல் தவிர்த்தால் அவருடைய வலியின் மையத்தையே தவிர்த்தவன் ஆவேன். மேற்பார்வையாளரோடு பேசிவிட்டு, அவருடைய ஒப்புதலோடு மனைவியின் சபைப் போதகரைத் தொடர்புகொண்டேன். இரண்டே வேண்டுகோள்கள்: காரணம் சொல்ல வேண்டாம், ஆராதனைக்கு அழைக்க வேண்டாம்.

போதகர் வயதில் இளையவர். முதல் நாள் ஒரு மணி நேரம் வந்து உட்கார்ந்திருந்து, மிகக் கொஞ்சம் பேசிவிட்டுப் போயிருக்கிறார். வேதாகமத்தில் துன்பத்தில் வாடும் யோபுவின் நண்பர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் ஒன்றும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள், வாயைத் திறந்த பிறகுதான் கெடுத்தார்கள் என்று பின்னர் என்னிடம் சிரித்தபடி சொன்னார். இரண்டாம் முறை வந்தபோது, சொல்ல ஆறுதல் ஏதும் கொண்டுவரவில்லை, இதை மட்டும் வாசிக்கட்டுமா என்று கேட்டு வேதாகமத்தின் 88-ஆம் சங்கீதத்தை வாசித்திருக்கிறார். புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் முடிவுக்குள் நம்பிக்கையின் பக்கம் திரும்பிவிடும். இந்தச் சங்கீதம் அப்படித் திரும்பாமல் இருட்டிலேயே முடிகிறது. “இப்படி ஒன்று உள்ளே இருக்கிறது என்று அவள் என்னிடம் சொன்னதே இல்லை, தம்பி” என்றார் அவர். “இதை எழுதியவனைத் தள்ளிவிடாமல் உள்ளே வைத்திருக்கிறார்கள் என்றால், என்னையும் உடனே தள்ளிவிட மாட்டார்கள்.” அந்தச் சந்திப்பு முழுவதும் அவர் இதைத் தவிர வேறெதையும் பேசவில்லை.

குறிப்பேடு

எட்டாம் மாதம் மனைவியின் அலமாரியைத் திறந்தார். அவசரப்படுத்தாமல் அவர் போக்கிலேயே விட்டிருந்தோம். புடவைகளுக்கு அடியில் நீல அட்டை போட்ட ஒரு குறிப்பேடு இருந்தது. மனைவி தினமும் ஜெபித்த பெயர்கள். மொத்தம் 41 பெயர்கள். ஏறக்குறைய ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு காரணம்: அறுவை சிகிச்சை, மகன் வேலை, குடி, வீட்டுக் கடன். சிலவற்றில் தேதியோடு ஒரு சரிக்குறி, சிலவற்றில் ஒரு சிறு சிலுவை. கடைசிக் குறிப்பு மருத்துவமனையில் சேர்ந்த நாளுக்கு முந்தைய நாள் எழுதியது.

அதை எங்கள் சந்திப்புக்குக் கொண்டுவந்து விரித்து வைத்தார். முதல் பக்கத்தில் முதல் பெயர் அவருடையது. அதற்கு எதிரே காரணம் எதுவும் எழுதப்படவில்லை. மற்ற நாற்பதுக்கும் இருந்தது. “என்ன கேட்டாள் எனக்காக?” என்றார். என்னிடம் பதில் இல்லை. இருக்க வழியும் இல்லை. அந்த வெற்றிடத்தை நிரப்ப ஒரு நல்ல வாக்கியம் என் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொல்லாமல் விட்டதை இந்தப் பன்னிரண்டு மாதங்களில் நான் செய்த சரியான காரியங்களில் ஒன்றாகக் கருதுகிறேன்.

முடிக்காத கணக்கு அவருடைய கண்ணை உறுத்தியது. நாற்பது பேரில் யாருக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை, யாராவது பார்க்க வேண்டாமா என்றார். வாரத்துக்கு மூன்று பேர் என்று வைத்துக்கொண்டு தொலைபேசியில் அழைக்கத் தொடங்கினார். சொல்வது ஒரே வாக்கியம்: “இன்னாருடைய கணவர் பேசுகிறேன். அவள் குறிப்பேட்டில் உங்கள் பெயர் இருக்கிறது. எப்படி இருக்கிறீர்கள்?” சிலர் அழுதார்கள். இருவர் இறந்துபோயிருந்தார்கள். மகனுக்கு வேலை கிடைத்துவிட்ட ஒரு தாய், அதைச் சொல்லத்தான் இத்தனை நாளாகக் காத்திருந்ததாகச் சொன்னார். அவர் தேதி எழுதிச் சரிக்குறி போட்டார், மனைவியின் குறியைவிட அது சற்றுப் பெரிதாக இருந்தது. குழுவில் கிடைக்காத ஒன்று இங்கே கிடைத்தது. பேசும் இருவருக்கும் நடுவில் அவர் மனைவி இருந்தார். துயரம் குறைய இறந்தவரோடு உறவை அறுத்துக்கொள்ள வேண்டும் என்ற பழைய கருத்துக்கு மாறாக, அந்த உறவு வேறு வடிவில் தொடரலாம் என்று 1996-லிருந்து டென்னிஸ் கிளாஸும் உடனிருந்தவர்களும் வாதிட்டு வருகிறார்கள். அதை இவ்வளவு துல்லியமாக ஒருவர் தானே கண்டுபிடித்ததை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அழைத்த பிறகு, அன்று பேசிய பெயர்களை இரவு ஒரு முறை உரக்க வாசிப்பது வழக்கமாயிற்று. அலாரம் அடிக்கும்போது மாத்திரை, அதன்பின் பெயர்கள். இது ஜெபமா என்று நான் கேட்கவில்லை. ஏழெட்டு வாரம் கழித்து அவரே சொன்னார்: “முதலில் அவளுக்காக வாசித்தேன். பிறகு அந்த ஆட்களுக்காக வாசித்தேன். இப்போது யாரோ கேட்கிறார்கள் என்றுதான் வாசிக்கிறேன். எப்போது மாறியது என்று தேதி போடத் தெரியவில்லை.” நம்பிக்கை ஒரு நாளில் வந்து கதவைத் தட்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இந்த விவரிப்பு ஏமாற்றமாக இருக்கலாம். எனக்கு அவர் சொன்னதில் நம்பிக்கை இருக்கிறது, ஏனென்றால் தேதி போடத் தெரியவில்லை என்று அவர் வாயால் வருவது எளிதான காரியம் இல்லை.

பத்தாம் மாதத்துச் சறுக்கல்

இவ்வளவு நன்றாகப் போகிறதே என்று நான் சந்திப்புகளை மாதம் ஒன்றாகக் குறைத்தேன். அந்த இடைவெளியில், குறிப்பேட்டைப் பற்றிக் கேள்விப்பட்ட ஒருவர் வீட்டுக்கு வந்து, மனைவியிடமிருந்து தனக்குச் செய்தி வருவதாகவும், முதல் பெயருக்கு எதிரே என்ன எழுத நினைத்தார் என்பதைத் தன்னால் சொல்ல முடியும் என்றும் கூறியிருக்கிறார். இரண்டு முறை பணம் வாங்கிக்கொண்டார். மூன்றாம் முறை கேட்ட தொகை பெரிதாக இருந்தபோது அவர் மகளிடம் கேட்க, விஷயம் வெளியே வந்தது. ஏமாந்தோம் என்ற வெட்கத்தில் மூன்று வாரம் தொலைபேசி அழைப்புகளையும் பெயர் வாசிப்பையும் நிறுத்திவிட்டார்.

அந்த ஆளுக்குப் பணம் கொடுத்ததற்காக அவரைக் கடிந்துகொள்ள வேண்டாம் என்று மகளிடம் கேட்டுக்கொண்டேன். அவருடைய மிக வலிக்கும் கேள்வியைத் தெரிந்துகொண்டு வந்தவர் அந்த ஆள். அப்படிப்பட்டவரிடம் ஏமாறுவதற்கு மடமை தேவையில்லை. இனி புதிதாக யாருக்குப் பணம் கொடுப்பதென்றாலும் ஒரு வாரம் தள்ளிப்போடுவது, அதற்குள் மகளிடம் சொல்வது என்று அவரே விதி வகுத்துக்கொண்டார். சந்திப்புகளை மறுபடி இரண்டு வாரத்துக்கு ஒன்றாக மாற்றினேன்.

ஆண்டு நிறைவும் அதன் பிறகும்

பன்னிரண்டாம் மாதத்தில் தூக்கம் மறுபடி கெட்டது, 19 நாட்களின் தாள் மறுபடி சட்டைப்பைக்கு வந்தது. நினைவு நாளை ஒட்டி இப்படி வருவது வழக்கம் என்று முன்னரே பேசி வைத்திருந்ததால் அவர் பயப்படவில்லை. வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடும்படி மகள் அப்போது கேட்டார். பெரிய முடிவுகளை நினைவு நாள் கடந்து ஆறு மாதத்துக்குத் தள்ளிவைக்கலாம் என்று மூவரும் உட்கார்ந்து பேசி ஒப்புக்கொண்டோம். நினைவு நாளன்று அவர் முதன்முறையாக வண்டியை நிறுத்திவிட்டு ஆலயத்துக்குள் போனார். கடைசி வரிசையில், வாசலை ஒட்டிய இருக்கையில் உட்கார்ந்ததாகச் சொன்னார்.

பதினாறாம் மாதத்தில் சந்திப்புகளை முடித்தோம். பிஎச்கியூ-9 அளவு 16-லிருந்து 7-க்கும், தனிமை அளவு 9-லிருந்து 6-க்கும் வந்திருந்தன. இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருந்தது. கூடத்து நாற்காலியை விட்டுக் கட்டிலில் தூங்குகிறார். ஞாயிறுகளில் ஆலயத்துக்குப் போகிறார், அதே கடைசி வரிசை. நம்பிக்கை வந்துவிட்டதா என்று மகள் கேட்டதற்கு, “போகாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான் தெரியும்” என்றாராம். மாலை ஐந்திலிருந்து ஏழு வரையான நேரம் இன்னும் கடினமாகவே இருக்கிறது. சாவிச் சத்தம் குறைந்துவிட்டது. அதற்காக அவர் வருந்துகிறார், அந்த வருத்தத்தை நீக்க நான் எதையும் செய்யவில்லை. மனைவியின் செல்பேசியின் பேட்டரி உப்பிப்போனதால் அதை அணைத்துவிட்டு, அதே நேரத்துக்கு அதே “மாத்திரை” என்ற பெயரில் தன் செல்பேசியில் அலாரம் வைத்துக்கொண்டார். குறிப்பேட்டில் முதல் பெயருக்கு எதிரே இன்னும் ஒன்றும் எழுதப்படவில்லை.

எதை மாற்றிச் செய்வேன்

முதல் சந்திப்பிலேயே அன்றாட மருந்துகளைப் பற்றிக் கேட்பேன், அவற்றை இதுவரை நினைவூட்டியவர் யார் என்றும் சேர்த்துக் கேட்பேன். மூன்றாம் சந்திப்பு வரை அது வெளிவராமல் இருந்தது என் வினாத்தாளின் குறை. இப்போது மருந்து, வங்கிக் கடவுச்சொல், சமையல், உறவினரோடு பேசுவது ஆகியவற்றில் எவை இறந்தவரின் பொறுப்பாக இருந்தன என்ற கேள்வியை முதல் தாளிலேயே சேர்த்திருக்கிறேன்.

குழுவுக்கு அனுப்பும் முன் எந்தத் தனிமை என்று கேட்பேன். “யாரிடம் என்ன சொல்ல முடியாமல் போகிறது?” என்ற ஒரு கேள்வி போதுமானதாக இருந்திருக்கும்.

சமயத்தைப் பற்றி ஆறாம் மாதம் வரை காத்திருக்க மாட்டேன். மனைவி பக்தியுள்ளவர், கணவர் இல்லை என்று குறித்துக்கொண்டு அதோடு விட்டுவிட்டேன். கடவுள் உங்கள்மேல் கோபமாக இருப்பதாக எண்ணுகிறீர்களா என்று தொடக்கத்திலேயே கேட்டிருந்தால், வீட்டுக்கு வந்தவர் சொன்ன வாக்கியம் அவ்வளவு ஆழமாக இறங்கியிருக்காது. போதகரை முன்பே அழைத்திருக்கலாம். ஆனால் எல்லாப் போதகரும் பேசாமல் உட்கார்ந்திருக்கச் சம்மதிப்பார்கள் என்று நான் எண்ணவில்லை. இதில் எங்களுக்கு வாய்த்தது நல்லூழ்.

முன்னேற்றம் தெரிந்த உடனே சந்திப்புகளைக் குறைத்ததும் தவறு. நம்பிக்கை துளிர்க்கும் காலத்தில்தான் அதை விற்க வருகிறவர்களும் வருகிறார்கள் என்பதை முன்கூட்டியே அவரிடமும் மகளிடமும் பேசியிருக்க வேண்டும்.

ஒன்பதாம் மாதத்தில் அவர் என்னிடம், “நீங்கள் நம்புகிறீர்களா தம்பி?” என்று கேட்டார். பயிற்சியில் கற்ற வழியில், அது உங்களுக்கு ஏன் முக்கியம் என்று திருப்பிக் கேட்டேன். அவர் சற்று நேரம் என்னைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினார். ஐந்து மாதம் தன் வீட்டுக் கதையெல்லாம் சொன்னவருக்கு ஒரு நேரான வாக்கியம் கடன்பட்டிருந்தேன். இன்று கேட்டால், சில நாட்களில் நம்புகிறேன், சில நாட்களில் முடிவதில்லை என்று சொல்லிவிடுவேன். வரைவை வாசித்தபோது அவர் சொன்ன இரண்டு திருத்தங்களில் ஒன்று இந்தப் பத்தியைப் பற்றியது: தான் பேச்சை மாற்றவில்லை, பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார்.